ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்-டி30: உப்பளத்து வெயிலில் ஒரு டயல்

"ஏட்டி, இது யாரு? மூக்குத்தி மட்டுந்தான் தெரியுது."

அம்மா அப்படிக் கேட்டது 2019 சித்திரையில். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில் முத்தையாபுரம் தாண்டினால் உப்பளம் வந்துவிடும். அங்கே முப்பது வருசத்துக்கு மேல் தலைச்சுமையாக உப்பு சுமந்தவள் அம்மா. முழங்கால் வலி அதிகமாகி, எப்போது வேண்டுமானாலும் வேலையை விட்டுவிடுவாள் என்கிற நிலைமை. அதற்கு முன்னால் அவள் வேலை செய்கிற இடத்திலேயே அவளை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. நான் தொழில்முறைப் படக்காரி இல்லை, தொடக்கப்பள்ளி ஆசிரியை. பள்ளி ஆண்டுவிழா, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு போவேன், அவ்வளவுதான்.

அன்றைக்கு எடுத்த நாற்பது படத்திலும் ஒரே கதை. உப்பு அழுக்குச் சாம்பலாக இருந்தது. வானம் நன்றாக, அடர்நீலமாக வந்திருந்தது. நடுவில் நிற்கிற அம்மாவின் முகம் இருந்த இடத்தில் ஒரு இருட்டு. அதில் மூக்குத்தி ஒரு வெள்ளைப் புள்ளி.

அன்றைக்குக் கையில் இருந்த பழைய கேமரா எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. அதிலும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன், அதாவது கேமரா தீர்மானித்த வெளிச்சத்தை நாமே கூட்டவோ குறைக்கவோ செய்கிற வசதி, இருந்தது என்பதுதான் முக்கியம். ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு சக்கரத்தைத் திருப்ப வேண்டும். எத்தனை திருப்பினோம் என்பது திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கோட்டில் தெரியும். உச்சி வெயிலில் அந்தத் திரையே தெரியாது. இருக்கிற வசதியை நான் ஐந்து வருசம் தொடாமலே காலம் தள்ளியதற்கு அதுவும் காரணம். எக்ஸ்-டி30-இல் அதற்கென்றே தனி டயல் உண்டு, வாங்கிய பிறகு நான் அதைத் தொடாத நாள் இல்லை. அதனால்தான் இந்தக் கேமராவைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, மற்றதையெல்லாம் பின்னால் வைத்துவிட்டு அந்த ஒரு டயலிலிருந்து தொடங்குகிறேன்.

எக்ஸ்-டி30 சந்தைக்கு வந்தது 2019-இல். நான் வாங்கியது 2021 நவம்பரில், 18-55 லென்ஸோடு சேர்த்து, ஒருவர் பயன்படுத்தியதை. 68,000 ரூபாய். நகைச்சீட்டுப் பணம் அப்படியே போயிற்று. பேட்டரியும் கார்டும் போட்டு பாடியின் எடை 383 கிராம், அரைக்கிலோ தக்காளியைவிடக் குறைவு. 26 மெகாபிக்சல், சாய்கிற திரை, கண் வைத்துப் பார்க்க மின்னணு வியூஃபைண்டர். கை நடுக்கத்தைச் சரிக்கட்டுகிற ஸ்டெபிலைசேஷன் பாடியில் கிடையாது, இந்த லென்ஸில் உண்டு. இதெல்லாம் எந்த விமர்சனத்திலும் கிடைக்கும்.

டயல் இருப்பது மேல்தட்டில், வலது ஓரத்தில். கேமராவைக் கண்ணில் வைத்துப் பிடித்தால் வலது கட்டைவிரல் தானாகவே அதன்மேல் போய் உட்காரும். நடுவில் பூஜ்யம், ஒருபக்கம் +3 வரை, மறுபக்கம் −3 வரை. ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் மூன்று படி. ஒவ்வொரு படிக்கும் விரலில் ஒரு "டிக்" உணர்வு. பூஜ்யத்திலிருந்து மூன்று டிக் திருப்பினால் ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம். ஆறு டிக் என்றால் நாலு மடங்கு. எதிர்ப்பக்கம் மூன்று டிக் என்றால் பாதி. எண்களைத் தாண்டி "சி" என்று ஓர் எழுத்து இருக்கும். அதில் வைத்தால் முன்பக்கச் சிறு சக்கரத்தால் 5 ஸ்டாப் வரை கூட்டலாம், குறைக்கலாம். நாலு வருசத்தில் அது எனக்குத் தேவைப்பட்டதில்லை.

ஏன் கூட்ட வேண்டும் என்பதை எனக்கு யாராவது 2019-இல் சொல்லியிருந்தால் அந்த நாற்பது படமும் பிழைத்திருக்கும். கேமராவுக்குள் இருக்கிற மீட்டர், எதிரே இருக்கிற பொருளில் பட்டுத் திரும்பி வருகிற வெளிச்சத்தை அளக்கிறது. வெயில் எவ்வளவு அடிக்கிறது என்று அதற்குத் தெரியாது. திரும்பி வருவது எவ்வளவு என்பது மட்டும் தெரியும். உலகத்தில் இருக்கிற எல்லாமே சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்ற கணக்கில் அது ஓடுகிறது. வயல், தெரு, மரம், வகுப்பறை இவற்றுக்கெல்லாம் அந்தக் கணக்கு ஓரளவு சரியாகவே வரும். உப்பளத்துக்குக் கொண்டுபோனால் படச்சட்டத்தில் முக்கால்வாசி வெள்ளை. "அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்!" என்று முடிவு கட்டி, அந்த வெள்ளை சாம்பலாகிற அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்துவிடும். உப்போடு சேர்ந்து ஆளும் இறங்குகிறாள். நம் ஊர்த் தோல் முன்னமே அந்த நடுச் சாம்பலை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருப்பது. அதிலிருந்தும் இரண்டு ஸ்டாப் இறக்கினால் மிஞ்சுவது மூக்குத்திதான்.

ஒரு சின்ன இடைச்செருகல். ஃபிலிம் காலத்தில், கோடாக் கம்பெனி படம் கழுவும் கடைகளுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். "ஷெர்லி அட்டை" என்று அதற்குப் பெயர். அவள் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. கறுத்த முகங்கள் எப்படி வந்தன என்பதைப் பார்க்க அதில் ஆளில்லை. இன்றைய மீட்டருக்கு அப்படி எந்தத் தோலின் கணக்கும் கிடையாது, அது வெறும் வெளிச்சக் கணக்கு. ஆனாலும் வெள்ளைப் பின்னணியில் ஒரு கறுத்த முகத்தைக் கொண்டுவருகிற பொறுப்பு இன்னும் படம் எடுப்பவர் கையில்தான் இருக்கிறது. எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை. என் வகுப்புக் குழந்தைகள் வெள்ளைச் சட்டையில் வரிசையாக நிற்கிற குரூப் போட்டோக்களில் எத்தனை பிள்ளைகளின் கண் தெரியாமல் போயிருக்கிறது!

இனி உப்பளம். 2022 மாசி மாதம், பருவம் தொடங்கி உப்பு விளைந்திருந்த நேரம். எங்கள் பக்கம் கடல்நீரைவிட நிலத்தடி உப்புநீரை இறைத்துத்தான் பெரும்பாலும் பாய்ச்சுவார்கள். பாத்தி பாத்தியாக அது வெயிலில் வற்றி, உப்புநீரின் அடர்த்தி (போமே என்கிற அளவில்) 25 டிகிரி பக்கம் வந்தால் உப்பு கட்டும். அதை ஆண்கள் பலகையால் வாரி வரப்பில் குவிக்க, பெண்கள் சுமந்து கொண்டுபோய் அம்பாரத்தில் கொட்டுவார்கள். வெயில் ஏறுமுன் முடிக்கப் பார்ப்பார்கள் என்பதால் விடிகிறபோதே போய்விட்டேன். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, தலையில் சும்மாடு, முகத்தைச் சுற்றித் துண்டு. முகத்தில் தெரிவதே நெற்றியும் கண்ணும் மூக்கும் கொஞ்சம் கன்னமும்தான். கேமராவில் முகம் கண்டுபிடிக்கிற வசதி உண்டு. இப்படித் துண்டு கட்டிய முகத்துக்கு அதை எதிர்பார்த்து நிற்காமல், நானே டயலைத் திருப்புவது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன்.

அப்பர்ச்சரை (லென்ஸின் திறப்பு, எண் கூடினால் திறப்பு சிறுக்கும்) 8-இல் வைத்தேன், ஐ.எஸ்.ஓ. (கேமரா வெளிச்சத்தை உணர்கிற கூர்மை) 160. ஷட்டரை, அதாவது வெளிச்சம் உள்ளே விழுகிற நேரத்தை, ஆட்டோவில் விட்டேன். ஆறரை மணிக்கு வெயில் பக்கவாட்டில், மஞ்சளாக. டயலில் மூன்று டிக். அதுவே போதுமாக இருந்தது. ஒருபக்கக் கன்னத்தில் வெளிச்சம், மறுபக்கம் நிழலிலும் தோலின் நிறம் தெரிந்தது. உப்பு இன்னும் லேசாக ரோஸ் கலந்த சாம்பல். அந்த நேரத்தில் உப்பு அப்படித்தான் இருக்கும், அதை வெள்ளையாக்கக் கூடாது.

ஒன்பது மணிக்கு நிலைமை வேறு. மேலே இருந்தும் வெளிச்சம், கீழே உப்பிலிருந்தும் வெளிச்சம். டயல் பூஜ்யத்தில் இருக்கும்போது கேமரா சொன்ன ஷட்டர் 1/2000 விநாடி. நல்ல வெயிலுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: அப்பர்ச்சர் 16 என்றால், ஐ.எஸ்.ஓ. எவ்வளவோ அதில் ஒரு பங்கு ஷட்டர். 160-க்கு 1/160. அப்பர்ச்சரை 16-இலிருந்து 8-க்குத் திறந்தால் நாலு மடங்கு வேகம், அதாவது 1/640. கேமராவோ 1/2000 என்கிறது. நடுவில் இருப்பது ஒன்றே முக்கால் ஸ்டாப்புக்குச் சற்றுக் குறைவு: சரியாக ஐந்து டிக். திருப்பினேன். வியூஃபைண்டருக்குள் உப்பு வெளுத்தது, வெளுத்ததும் அம்மாவின் முகம் எழுந்து வந்தது. திருப்பத் திருப்ப, படம் எடுப்பதற்கு முன்னாலேயே, கண்ணெதிரே. கண்ணாடி வியூஃபைண்டர் உள்ள பழைய வகைக் கேமராவில் இது தெரியாது. எடுத்துவிட்டுத் திரையில் பார்க்க வேண்டும். இங்கே விரலில் ஒரு டிக், கண்ணில் ஒரு மாற்றம். யாரும் விளக்காமலே ஒரு காலைப்பொழுதில் காம்பன்சேஷன் என்றால் என்ன என்று புரிந்துவிட்டது.

ஆனால் வெறும் கண்ணை நம்பக் கூடாது என்பதையும் அன்றே கற்றேன். உப்புக்கூசலில் நின்ற கண் பாப்பா சுருங்கிப்போயிருக்கும். அந்தக் கண்ணால் வியூஃபைண்டருக்குள் பார்த்தால் எல்லாமே இருட்டாகத் தெரியும். இன்னும் கூட்டு, இன்னும் கூட்டு என்று விரல் போகும். அப்படிப் போய் எட்டு டிக் வைத்து எடுத்த பத்துப் படத்தில் அம்பாரம் வெறும் வெள்ளைக் காகிதம் மாதிரி வந்தது. உப்புக்கல்லின் முனை, கொட்டிய தடம், பக்கத்து நிழல் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தில் இருட்டு எவ்வளவு என்று இடதுபக்கமும் வெளிச்சம் எவ்வளவு என்று வலதுபக்கமும் மலை மாதிரிக் காட்டுகிற வரைபடத்தை, வியூஃபைண்டரிலேயே வரும்படி வைத்துவிட்டேன். வலது சுவரில் மலை முட்டாமல், அதற்கு ஒரு விரற்கடை இடம் விட்டு நிற்கிற மட்டும் டயலைத் திருப்புவேன். கண் கூசியிருந்தாலும் அந்தக் கோடு பொய் சொல்லாது.

சூரியன் ஆளுக்குப் பின்னால் இருந்தால் இரண்டையும் காப்பாற்ற முடியாது. ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். நான் உப்பை விட்டுவிடுவேன். சிலர் மாறாகச் செய்வார்கள். வெள்ளை வெளியில் கறுத்த நிழலுருவமாகப் பெண்கள் நடந்து போகிற படங்கள் அழகாகவே இருக்கும், போட்டிகளில் பார்த்திருக்கிறேன். அந்த நிழலுருவங்களில் ஒருத்தி என் அம்மா. அவளுக்கு முகம் உண்டு. எனக்கு அந்த வகைப் படம் வேண்டாம்.

உப்பையும் முகத்தையும் கூடியவரை சேர்த்துப் பிடிக்க இந்தக் கேமராவில் இன்னொரு உதவி இருக்கிறது. மெனுவில் டைனமிக் ரேஞ்ச் என்று இருக்கும். அதை 200-இல் வைத்தால் கேமரா ஒரு ஸ்டாப் குறைத்துப் பதிவு செய்து, இருட்டுப் பகுதிகளை உள்ளேயே தூக்கிவிடும். ஐ.எஸ்.ஓ. குறைந்தது 320 ஆகிவிடும், வெயிலில் அதனால் நட்டமில்லை. இதையும் ஐந்து டிக்கையும் சேர்த்து வைத்தால், கேமராவே முடித்துத் தருகிற ஜேபெக் படத்திலேயே உப்புக்கல் தெரியும், முகமும் தெரியும். கேமரா திருத்தாத மூலப் பதிவான ரா ஃபைலை எடுத்துக் கணினியில் தூக்கலாமே என்று கேட்பார்கள். தூக்கலாம். பள்ளி, வீடு, சமையல் முடித்து உட்கார்ந்து முந்நூறு படத்தைத் திருத்த எனக்கு நேரமில்லை. உப்பளத்துப் பெண்களுக்கு அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் படம் போய்ச் சேர வேண்டும். எடுக்கும்போதே சரியாக எடுப்பதுதான் எனக்குத் தோது.

குறைக்க வேண்டிய இடங்களும் உண்டு. ஆண்டுதோறும் தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் போவோம். முத்தாரம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர்கள் காளி, குரங்கு, ராஜா, குறத்தி என்று வேடம் கட்டி ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி வருவார்கள். சூரசம்ஹாரம் ராத்திரி, கடற்கரையில். சுற்றிலும் கறுப்பு, நடுவில் விளக்கில் நிற்கிற காளியின் சிவப்பு முகம். மீட்டருக்கு இப்போது எதிர்த்திசைக் குழப்பம்: எல்லாம் இருட்டாக இருக்கிறதே என்று வெளிச்சத்தைக் கூட்டுகிறது. ராத்திரி சாயங்காலமாகிறது, காளியின் முகச்சாயம் வெளிறிப்போகிறது. எதிர்ப்பக்கம் மூன்று டிக், சில சமயம் நாலு. கறுப்பு கறுப்பாகத் திரும்பும், சிவப்பு சிவப்பாகும். ஷட்டரும் வேகமாகும் என்பதால் ஆடுகிற ஆள் கலங்காமல் வருவது கூடுதல் லாபம். கூட்டத்தின் நெரிசலில், முழங்கை இடிபடுகிற இடத்தில், கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல் கட்டைவிரலால் மட்டும் இதைச் செய்ய முடிகிறது. மெனுவுக்குள் போய்த் தேட வேண்டியிருந்தால் அந்தக் காளி என்னைத் தாண்டிப் போய்விட்டிருப்பாள்.

எங்கள் பனிமய மாதா கோயில் ஆடித் திருவிழா, ஆகஸ்ட் 5 வரை நடக்கும். வெள்ளைக் கோபுரம், அதன்மேல் விளக்குச் சரம், பின்னால் இரவு வானம். கோபுரத்தை நெருங்கி எடுத்தால் கூட்டணும், தள்ளி நின்று வானத்தோடு எடுத்தால் குறைக்கணும். சட்டத்தில் எது அதிக இடம் பிடிக்கிறது என்று பார்த்தாலே விரலுக்குத் திசை தெரிந்துவிடும்.

வாங்குபவர்கள் அறிய வேண்டிய சில விஷயங்கள். இந்த டயலுக்குப் பூட்டு கிடையாது. பையிலிருந்து எடுக்கும்போதெல்லாம் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்கும் பழக்கம் வேண்டும். கேமராவை அணைத்தாலும் டயல் வைத்த இடத்திலேயே இருக்கும். உப்பளத்தில் ஐந்து டிக்கில் வைத்ததை மறந்து, மறுநாள் பள்ளியில் ஒரு பிரிவுபசார விழாவின் முதல் இருபது படத்தை வெளிற எடுத்துவிட்டேன். ஓய்வு பெற்ற அந்த ஆசிரியைக்கு மாலை போட்ட தருணம் அந்த இருபதுக்குள். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இப்போது கேமராவைப் பையில் வைக்கும் முன் கட்டைவிரல் ஒருமுறை டயலைத் தடவி நடுவுக்குக் கொண்டுவந்துவிடும்.

ஷட்டர், அப்பர்ச்சர், ஐ.எஸ்.ஓ. மூன்றையும் நாமே வைத்துவிட்டால் டயலுக்கு வேலை இல்லை; திருப்பினாலும் படம் மாறாது. கேமரா தீர்மானிக்க ஏதாவது ஒன்றை அதன் கையில் விட்டால்தான் நம் திருத்தம் அதன் காதில் விழும். ஐ.எஸ்.ஓ.-வை மட்டும் ஆட்டோவில் விட்டாலும் போதும். புதிதாக வாங்கியவர்கள் "டயல் வேலை செய்யவில்லை" என்று பதறுவது பெரும்பாலும் இதனால்தான்.

தூசி, ஈரம் புகாத பாடி இல்லை இது. உப்புக்காற்றுக்கு அது பெரிய விஷயம். உப்பளத்தில் லென்ஸ் மாற்றவே மாட்டேன். வீட்டுக்கு வந்ததும் லேசாக நனைத்துப் பிழிந்த பருத்தித் துணி, பிறகு உலர்ந்த துணி, டயலின் பல்லிடுக்குகளுக்குச் சின்னப் பிரஷ். நாலு வருசத்தில் டிக் உணர்வு குறையவில்லை. பேட்டரி ஒரு காலைக்குப் போதும், ஒரு திருவிழாவுக்குப் போதாது, இரண்டு வைத்திருக்கிறேன்.

பணம் இப்போதைக்கு இல்லை என்றால் வாங்கக் காத்திருக்க வேண்டாம். பெரும்பாலான போன்களில் முகத்தின்மேல் தொட்டால் பக்கத்தில் ஒரு சூரியக் குறி வரும். அதை மேலே இழுத்தால் கூடும், கீழே இழுத்தால் குறையும். அதுவும் இதே காம்பன்சேஷன்தான். என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதை வெள்ளைச் சுவர் முன்னால் நிறுத்திக் காட்டினேன், ஒரே நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்கள். கேமராவே வேண்டும், அதுவும் செலவு குறைவாக வேண்டும் என்பவர்கள், எந்தக் கம்பெனியானாலும் சரி, மேல்தட்டில் கூட்டல் கழித்தல் போட்ட தனி டயல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மெகாபிக்சலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அம்மா 2023 ஐப்பசி மழையோடு வேலையை விட்டாள். மாசியில் எடுத்த அந்தப் படத்தை 12-க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நெற்றியில் சும்மாட்டுக்குக் கீழே இருக்கிற தழும்பில் விரலை வைத்து, "இது நீ வயித்துல இருக்கும்போது வரப்புல வழுக்கி விழுந்தது" என்றாள். எனக்கு அது தெரியாது. நாற்பது வயதுவரை யாரும் சொன்னதில்லை.

அவளோடு சுமந்த பதினோரு பேரும் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ஏழு பேருக்கு எடுத்துக் கொடுத்தாயிற்று. மீதி நாலு பேருக்கு மழை நின்று பாத்தி கட்டியதும் எடுக்க வேண்டும்.